ஏழு மார் ஆழத்தில் ஒரு கோடு

மல்லிப்பட்டினம்,
மாசி 9.

அன்புள்ள மலருக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஏலக்கூடத்துக்கு நடக்கத்தான் செய்கிறாள். ஓராக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், நீ படிக்கிற டவுன்ஸ்வில்லுக்கு எப்படி அனுப்புவது என்று தினமும் கேட்கிறாள். அந்த ஊர்ச் சுங்கத்தில் நாயை விட்டு மோப்பம் பிடிப்பார்கள் என்றேன். "நம்ம கருவாட்டுக்கு நாய் எதுக்கு, தெருமுனையில நின்னாலே தெரியுமே" என்கிறாள்.

நீ அனுப்பியதை எல்லாம் உன் தம்பி போனில் பெரிதாக்கிக் காட்டினான். விரலால் தட்டிப் பதில் எழுத எனக்கு வராது. காகிதத்தில் எழுதி அவனிடம் கொடுக்கிறேன், அவன் படம் பிடித்து அனுப்பட்டும். முப்பத்துநாலு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, அந்தக் கண்ணாடியைத் தொட்டதும் தடுமாறுகிறது.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் ஆவுளியாவை, அதுதான் கடல்பசுவை, வேட்டையாடிச் சாப்பிடுகிறார்கள், அதுவும் சட்டப்படி, என்று பதறிப்போய் எழுதியிருந்தாய். எனக்குப் பதற்றம் வரவில்லை. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்தபோது உன் தாத்தா வலையில் ஒன்று சிக்கியது. கரையில் இழுத்துப்போட்டு அறுத்துத் தெருவுக்கே பங்கு வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன். ருசி மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் நடுவில் இருந்தது. கொழுப்பை உருக்கிய எண்ணெயை ஒரு சீசாவில் அடைத்து அப்பாயி மூட்டுவலிக்கு வைத்துக்கொண்டார். அப்போது அதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து, புலி இருக்கிற அட்டவணையில் ஆவுளியாவும் ஏறியது. அதற்கப்புறமும் சில வருஷம் இருட்டில் அறுத்தார்கள். பிறகு கத்தி ஓய்ந்தது. வலை மட்டும் ஓயவில்லை.

வலை என்றதும் போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா போனில் இரண்டு வரியில் முடித்திருப்பார், அவர் சுபாவம் அப்படி. வாடை அடங்கிக் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்த விடியற்காலை. தூக்கம் வராமல் நானும் வல்லத்தில் ஏறிக்கொண்டேன். மனோராவுக்கு நேர் கிழக்கே முதல்நாள் சாயங்காலம் போட்ட திருக்கை வலை. வாங்க ஆரம்பித்ததும் கயிறு கனத்தது. பெரிய திருக்கை என்றுதான் நினைத்தோம். அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். டவுன்பஸ்ஸில் காற்றுக்கதவு திறக்கும்போது உஸ் என்று வருமே, அதே சத்தம். தண்ணீர் மட்டத்தில் இரண்டு மூக்குத்துவாரம் திறந்து மூடியது.

வலை நுனியில், ஆழம் குறைந்த இடத்தில் சிக்கியிருந்ததால் மூச்சுக்கு மேலே வர முடிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அதுவும் மூச்சடங்கித்தான் செத்திருக்கும், நம்மைப் போல. பத்தடி நீளம் இருக்கும். தோல் நனைந்த டயர் டியூப் மாதிரி, முதுகில் பழைய கீறல்கள். உதட்டைச் சுற்றி முள்முள்ளாக மயிர். கண் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத சின்னக் கண், நாவல்பழக் கொட்டை அளவு. உன் அப்பா பேசவே இல்லை. கத்தியை எடுத்து, புது வலை மலரு, போன தீபாவளிக்குக் கடன் வாங்கிப் பின்னியது, கண்ணி கண்ணியாக அறுத்தார். வால்பக்கம் கடைசி முறுக்கு விட்டதும் ஒரு புரட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் முகமெல்லாம் தண்ணீர். பீடி நனைந்துவிட்டது என்று அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எந்தப் பக்கம் போச்சு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"கிழக்கே."

இப்படி விடுவிக்கிறவர்களுக்கு வனத்துறை பத்தாயிரம் ரூபாய் வரை கொடுத்துப் பாராட்டுகிறது. வலை போன நஷ்டம் அதற்கு மேல். இவர் விண்ணப்பமே போடவில்லை. "படம் காட்டுன்னு கேப்பாங்க, அந்நேரம் நான் வலைய அறுக்கறதா, படம் புடிக்கறதா" என்கிறார். நியாயம்தான்.

அந்தக் "கிழக்கே" என்ற ஒரு சொல்தான் அன்றிலிருந்து என்னைக் குடைகிறது. நம் கரையில் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரைக்கும் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாக் காப்பகமாக அரசு அறிவித்தது 2022 செப்டம்பரில். இந்தியாவில் முதல் காப்பகம். நாடு முழுக்க மிச்சம் இருப்பவை ஏறத்தாழ 240 என்றும், அதில் பெரும்பங்கு நம் கரையில் என்றும் அப்போது சொன்னார்கள். நெப்போலியன் தோற்றதற்காகச் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோராக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஆவுளியாவுக்கென்று ஒரு சர்வதேச மையமும் அறிவித்திருக்கிறார்கள். எல்லாம் சந்தோஷம். ஆனால் உன் அப்பா அறுத்துவிட்ட உயிர் கிழக்கே போயிற்று. அந்தக் காப்பகத்துக்குக் கிழக்கே ஒரு கோடு இருக்கிறது, இலங்கையோடு நமக்குள்ள எல்லைக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம், வேறு வரைபடம், வேறு கணக்கு.

நம் பாக் விரிகுடா எவ்வளவு ஆழம் என்று உனக்குத் தெரியும், பெரும்பாலும் ஏழு மாருக்குள், ஏழு பேர் கைவிரித்த நீளம். ஆழமில்லாததால் வெயில் அடிவரை போகிறது, அதனால் தாழை, அதாவது கடற்புல், முளைக்கிறது. தாழை இருப்பதால்தான் ஆவுளியாவும், ஓராவும், நண்டும், இறாலும். ஒரு ஆவுளியா நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தின்னும். நீர் வற்றும்போது போனால் அது மேய்ந்த தடத்தைப் பார்க்கலாம், மண்வெட்டியால் ஒரு சாண் அகலத்துக்கு இழுத்துக்கொண்டே போனது மாதிரி வளைந்து வளைந்து கிடக்கும். அந்தத் தடம் எல்லைக்கோட்டில் வந்து நிற்பதில்லை.

கோடு போட்டது 1974-இல். அந்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை நீ ஒருமுறை முழுசாகப் படி, சின்ன ஒப்பந்தம்தான். கச்சத்தீவைப் பற்றி அத்தனை மேடையிலும் பேசுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கடலுக்குள் இருக்கும் உயிர்களைப் பற்றி இல்லை என்பதை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. எந்தத் தண்ணீர் யாருடையது என்று சொல்கிறது. ஆறாவது பிரிவில், இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் நீரில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்று இருந்தது. 1976-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு போட்டபோது எழுதிக்கொண்ட கடிதங்களில், அனுமதி இல்லாமல் மற்றவர் கடலில் மீன் பிடிக்கக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சொத்தைப் பிரித்த பத்திரம் இருக்கிறது. கிணற்றைப் பொதுவில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதவில்லை.

காகிதத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஆவுளியாவைக் காப்பது பற்றி 2007-இல் அபுதாபியில் ஒரு புரிந்துணர்வு உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவும் அதில் இருக்கிறது, இலங்கையும் இருக்கிறது. சட்டக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத உடன்பாடு. பிறகு 2015-இலிருந்து ஆவுளியாவுக்கும் கடற்புல்லுக்கும் உலகச் சுற்றுச்சூழல் நிதியில் எட்டு நாடுகளுக்கு ஒரு திட்டம் நடந்தது. இந்தோனேசியா, மடகாஸ்கர், மொசாம்பிக் எல்லாம் அதில் உண்டு, இலங்கை உண்டு, இந்தியா இல்லை. நாம் 2016-இல் நம் பணத்தில் தனியாக ஒன்று தொடங்கினோம். ஒரே விரிகுடா, ஒரே மந்தை. மேற்கே ஒரு திட்டம், கிழக்கே ஒரு திட்டம்.

கடல் அட்டையை எடுத்துக்கொள். 2001-இலிருந்து நம் பக்கம் அதைத் தொட்டால் ஜெயில். அந்தப் பக்கம் உரிமம் வாங்கிக்கொண்டு பிடிக்கலாம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். அப்புறம் இங்கே பிடித்த அட்டை ராத்திரியோடு ராத்திரியாக அங்கே போகாமல் எங்கே போகும்? தடை சரியா, பண்ணை சரியா என்பது வேறு விஷயம். ஒரே தண்ணீரில் இரண்டு விதி இருந்தால் ஜெயிப்பவன் கடத்தல்காரன்தான்.

நாடுகளின் ஒத்துழைப்பு என்று நீ கடிதம் முழுக்க எழுதியிருந்தாய். படித்துக் கொஞ்சம் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. நம் கடலுக்கு முதன்முதலில் வந்த ஒத்துழைப்பு எது தெரியுமா? 1953-இல் கேரளத்தில் நீண்டகரைக்கு வந்த நார்வே நாட்டுத் திட்டம். ஐக்கிய நாடுகள் சபையும் கையெழுத்துப் போட்டது. ஏழை மீனவனைக் கைதூக்கிவிடத்தான் வந்தார்கள், நல்ல மனசோடுதான் வந்தார்கள். அந்தத் திட்டத்தோடுதான் எந்திரமும் இழுவைமடியும் நம் பக்கத்துக் கடல்களில் பரவின, இறால் ஏற்றுமதி வந்தது. ஏழு மார் ஆழத்தில் இழுவைமடியை ஓட்டினால் அது மீன்பிடிப்பா, உழவா? தாழையை வேரோடு பிடுங்குகிறது, கிளம்பிய சேறு மிச்சத் தாழையின் மேல் படிகிறது. ஒத்துழைப்பு என்ற பெயரில் வந்தாலே நல்லது என்று நம்பிவிடாதே என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, பெயரைக் கொடுத்துப் பதிந்துகொண்டால் போதும். கோயிலுக்குப் பின்னால் நிழலில் நெடுந்தீவுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வயசுதான். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். முகம் மாறியது. "எங்கட வலையெல்லாம் உங்கட றோலர் அள்ளிக்கொண்டு போட்டுது, ஐயா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து கடலுக்குத் திரும்பி, நகையை அடகுவைத்து வாங்கிய வலையாம். ஒரே ராத்திரியில் போயிருக்கிறது. வருஷத்தில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் நம் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறதே, அந்த அறுபத்தொரு நாளும்தான் நிம்மதியாகத் தூங்குவாராம்.

நம் வல்லக்காரர்களும் அதே விசைப்படகுக்குத்தான் வலையைப் பறிகொடுக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆவுளியா பார்க்கிறீர்களா என்று கேட்டேன். பெயரைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார், அங்கேயும் ஆவுளியாதான். "சிங்களவர் முகுது ஊரா எண்டு சொல்லுவினம். கடல் பண்டி" என்று சிரித்தார். சின்ன வயசில் அவரும் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து, இன்றைக்கு இரண்டு நாட்டிலும் சட்டவிரோதமான ஒரு ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் காலைப் பூசை முடிந்ததும் அவர் கிழக்கே போனார், நான் மேற்கே வந்தேன்.

இழுவைமடி விஷயத்தில் முதல் குற்றம் நம் கரையுடையது. அதை மழுப்பக்கூடாது. இலங்கையில் அப்போது எம்.பி.யாக இருந்த சுமந்திரன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, 2017-இல் இழுவைமடியைச் சட்டமாகவே தடைசெய்துவிட்டார்கள். நாம் அதே வருஷம், விரிகுடாவை விட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குச் சூரைப் படகு தருவதாகத் திட்டம் போட்டோம். இரண்டாயிரம் படகு இலக்கு, ஒரு படகு எண்பது லட்சம். இலக்கின் கிட்டத்தில்கூடப் போகவில்லை. சேற்றுக்கடலில் ஒருநாள் தங்கலில் இறால் பிடித்துப் பழகியவனை வாரக்கணக்கில் ஆழ்கடலில் சூரை பிடி என்றால் அவன் என்ன செய்வான்? விசைப்படகுக்காரனையும் நான் பழிக்கவில்லை. கடனில் இருக்கிறான், பிடிபட்டால் படகும் போய் ஜெயிலும் கிடைக்கிறது, சுடப்பட்டுச் செத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் தாழையை உழுவது நாம்தான்.

இரண்டு அரசும் பேசாமலும் இல்லை. மீனவர்களை வைத்தே 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும், 2016-இல் டெல்லியிலும் பேசினார்கள். பிறகு அதிகாரிகளின் கூட்டுக் குழு ஒன்று அமைந்தது, இழுவைமடியைக் கூடிய சீக்கிரம் ஒழிப்பது என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். கூடிய சீக்கிரத்துக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. பேப்பரில் நான் படிக்கிற வரைக்கும் பேச்செல்லாம் எத்தனை பேர் கைது, எத்தனை படகு பிடிபட்டது, எப்போது விடுவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. ஆவுளியாவுக்காகப் பேச அந்த மேசையில் நாற்காலி இல்லை.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான் உன் டோரஸ் கதையைப் படித்தேன். வேட்டை என்ற இடத்தில் நீ நின்றுவிட்டாய், நான் அதைத் தாண்டி மற்றதைப் பார்த்தேன். அங்கேயும் நம்முடையதைப் போல ஆழமில்லாத நீரிணை. அங்கேயும் ஒரே சனம் இரண்டு நாடாகிப் போனார்கள். நாம் கோடு போட்டு நாலே வருஷத்தில், 1978 டிசம்பரில், ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியும் கையெழுத்துப் போட்டன. எல்லையைத் தள்ளிவைக்கக்கூடாது என்று தீவுக்காரர்கள் போராடினார்கள், அது காதில் விழுந்திருக்கிறது. கடலடித் தரைக்கு ஒரு கோடு, மீனுக்கு வேறொரு கோடு. கோடு இரண்டு விதமாக இருக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி! நடுவில் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று ஒன்றை ஒதுக்கி, இரு பக்கத்துப் பூர்வகுடிகளும் பாஸ்போர்ட் இல்லாமல் வரலாம், மரபுப்படி பிடிக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். வியாபார மீன்பிடிப்பில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பேசிவிட்டார்கள். அந்தப் பகுதியின் கடலடியில் எண்ணெய்க்கும் தாதுவுக்கும் தோண்டக்கூடாது என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆலோசனைக் குழுவில் பூர்வகுடிகளின் ஆட்கள் இருந்தே தீரவேண்டும். மேற்குப் பகுதியில் ஆவுளியாவைத் தொடவே கூடாத சரணாலயமும் 1985-இலிருந்து இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

சாப்பிட்டுக்கொண்டே காக்கிறார்கள், இன்றைக்கும் உலகத்திலேயே ஆவுளியா அதிகம் அங்கேதான். நாம் சாப்பிடுவதைச் சட்டம் தடுத்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, நம்மிடம் இருப்பதை எண்ணிச் சொல்லிவிடலாம்.

உடனே இதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே சில ஆயிரம் சனம், இங்கே படகே சில ஆயிரம். அங்கே ஒரு தரப்பு பணக்கார நாடு. அங்கே இருபத்தாறு வருஷம் யுத்தம் நடக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் போகிற உரிமையை இன்றைக்கு நம் விசைப்படகுகளுக்குக் கொடுத்தால் நெடுந்தீவுக்காரர் தூங்குகிற அறுபத்தொரு நாளும் போய்விடும். நமக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. தாழை எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வரைபடம். அந்த இடங்களில் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிகிற மூடுகாலம். இழுவைமடிக்கு இரண்டு பக்கமும் ஒரே தடை. செத்து ஒதுங்கினால் இந்தக் கரை அந்தக் கரைக்குச் சொல்ல ஒரு போன் நம்பர். இதற்குக் கச்சத்தீவு யாருடையது என்ற வழக்கைத் திறக்கவே வேண்டாம்.

நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட பெருங்கடலுக்கு 2023-இல் ஐ.நா.வில் ஒரு ஒப்பந்தம் வந்தது என்றும், அது நமக்கு உதவுமா என்றும் கேட்டிருந்தாய். உதவாது என்றுதான் நினைக்கிறேன். அது யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்கு. நம் விரிகுடாவில் சொந்தமில்லாத நீர் ஒரு கைப்பிடிகூட இல்லை, முழுக்கப் பட்டா போட்ட தண்ணீர். இந்த இரண்டு வீடும் பேசினால்தான் உண்டு.

அவசரம் ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் படிப்பே அது. பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று, அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம். தந்தத்தில் உள்ள வளையங்களை எண்ணி எழுபத்து மூன்று வயது என்று கணக்கிட்ட ஆவுளியா ஒன்றைப் பற்றி உங்கள் பல்கலைக்கழகத்து ஹெலீன் மார்ஷ் எழுதியதை அனுப்பியிருந்தாயே, என்னைவிட மூத்தது. அப்படியானால் உன் அப்பா அறுத்துவிட்டது, உன் தாத்தா வலையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகக்கூட இருக்கலாம். சீனக் கடலில் அது இனி இல்லாததற்குச் சமம் என்று 2022-இல் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நமக்கு அந்த நிலை வர எத்தனை திருக்கை வலை வேண்டும், கணக்குப் பார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த டோரஸ் ஒப்பந்தத்தின் முழுப் பிரதியை, வரைபடங்களோடு, எனக்கு அனுப்பு. தெரியாத சட்டச் சொல்லுக்கு மட்டும் பக்கத்தில் பென்சிலால் விளக்கம் எழுதிவிடு, தமிழாக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். பங்குனி கடைசியில் நாட்டுப்படகுச் சங்கக் கூட்டம் இருக்கிறது. அங்கே படித்துக் காட்டுவதாக உன் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி நெடுந்தீவுக்கும் போகவேண்டும். அவர் விலாசம் என் சட்டைப்பையில் இருந்த திருவிழாச் சீட்டின் பின்பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
மாமா.